மலைக்குள் இருந்த நீர்

மலை குறுக்கே நின்றால் இரும்புப்பாதை என்ன செய்யும் என்பதற்கு எங்கள் ஊவாவில் தெமோதரையே விடை. மலைநாட்டுப் பாதை 44 அடி ஓடினால் ஓர் அடிக்கு மேல் இறங்கலாகாது என்பது கணக்கு. தெமோதரையிலோ நிலம் அதற்கு மேலாகச் சரிந்து கிடந்தது. ஆகவே பாதை குன்றைச் சுற்றி வளைந்து இறங்கி, தான் கடந்து வந்த நிலையத்துக்கு நேர் கீழே சுரங்கத்துள் நுழைந்து பதுளைக்குப் போகிறது. 1924 இல் திறக்கப்பட்டது. தோட்டத்து விளைவைத் துறைமுகம் சேர்க்கவே குடியேற்ற அரசு அதை அமைத்தது. ஆயினும் மலையின் போக்கறிந்து செய்த அவ்வேலையை வியக்காமல் என்னால் அவ்வழியே பயணஞ் செய்ய முடிந்ததில்லை.

உமாஓயாத் திட்டம் குடைந்த சுரங்கம் வேறு வகையானது. ஆற்றை மறித்து, பண்டாரவளைப் பக்கத்து மலைகளுக்கு அடியில் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் கொண்டுசென்று, 120 மெகாவாற் மின்சாரம் எடுத்து, தெற்கே வறண்ட வயல்களுக்கு நீர் பாய்ச்சுவது நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆனால் மலையென்பது வெறுங் கல்லா? அதன் வெடிப்புகளிலே பன்னெடுங்கால மழை ஊறித் தேங்கியிருக்கிறது. கிணறும் ஊற்றும் அதனாலேயே உயிர்க்கின்றன. அடியில் துளை விழுந்தால் அந்நீர் அத்துளையை நாடும். நீர் வடிந்த மண் அமிழும். மேலே நிற்கும் சுவர் பிளக்கும். 2014 டிசெம்பரில் சுரங்கத்துள் நீர் பீறிட்டது. 2017 இல் மீண்டும். கிணறுகள் வற்றின, ஆயிரக்கணக்கான வீடுகள் வெடித்தன. அவ்வாண்டு யூனில் பண்டாரவளை வீதிகளில் மக்கள் திரண்டனர்.

அந்நாட்களில் என் வகுப்புக்குத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி நாள்தோறும் நேரங்கழித்து வருவாள். பீலியில் நீர் நூலாக இறங்குகிறது, குடம் நிறைய ஒரு மணி நேரம் என்பாள். சிறிது நாளில் அந்த நூலும் அறுந்தது.

கிராமத்தவர் காணி உறுதியைக் காட்டி நட்டஈடு கேட்டனர். லயத்தில் பிறந்து லயத்திலேயே முதிர்ந்தவர் எதைக் காட்டுவார்? வெடித்த சுவர் தோட்டத்தினுடையது. வற்றிய பீலியும் அவ்வாறே. 2024 ஏப்பிரலில் மின்நிலையம் விழா எடுத்துத் திறக்கப்பட்டது. எத்தனை லயங்களின் இழப்பு அதன் செலவுக் கணக்கில் ஏறியதோ!

அச்சிறுமியின் தந்தை ஒரு நாள் மனு எழுதித் தரும்படி வந்தார். "பாதிக்கப்பட்ட சொத்தின் உரிமையாளர்" என்னும் இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. என்ன எழுதுவது என்று அவரையே கேட்டேன்.

"நாலு தலமொறயா இங்கதான் இருக்கோம்னு எழுதுங்க சேர்" என்றார்.

அப்படியே எழுதினேன்.