திலக் நகரில் தங்கிவிட்ட டாக்டருக்கு

மதிப்பிற்குரிய டாக்டர் மேடம் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை உங்களால் வாசிக்க முடியாது. உங்கள் தமிழ் "எத்தன நாளா?", "சளி இருக்கா?", "வெறும் வயித்துல போடாதீங்க" என்பதோடு முடிந்துவிடும். கிளினிக்கில் காத்திருக்கும் யாராவது படித்துச் சொல்லட்டும். பெயர் போடவில்லை. போட்டால் கோபித்துக்கொள்வீர்கள், தவிர, இது உங்களைப் போல இங்கேயே தங்கிவிட்ட பலருக்கும் சேர வேண்டியது.

நாந்தேட்டில் பிறந்து அங்கேயே எம்.பி.பி.எஸ். முடித்தவர் மும்பையில் எங்கள் பக்கம் ஏன் வந்து உட்கார்ந்தீர்கள் என்று அம்மா ஒருமுறை கேட்டார். சயான் ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் இருந்ததைச் சொன்னீர்கள். அம்மாவுக்கு அது பதிலாகவே படவில்லை. எனக்குப் பட்டது.

அப்பா தாராவியில் தோல் பதனிடும் வேலை பார்த்த காலத்தில் எங்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் சயான் ஒன்றுதான். கேஸ் பேப்பர் எடுத்து, வரிசை நகர்ந்து உள்ளே போனால், மேசைக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஒரு ரெசிடென்ட், அதாவது மேற்படிப்புப் படித்துக்கொண்டே வேலை பார்க்கும் டாக்டர். முந்தின இரவும் தூங்காத கண்கள். லோக்மான்ய திலக் மருத்துவமனை என்பது அதன் முழுப்பெயர். 1964-இல் அங்கே மருத்துவக் கல்லூரி தொடங்கியது முதல், எங்கிருந்தெல்லாமோ வந்த பிள்ளைகள் தாராவி ஜனங்களின் உடம்பைப் பார்த்துத்தான் வைத்தியம் கற்றார்கள்.

அந்தப் படிப்பு உங்களிடம் எங்கே தெரிகிறது என்று சொல்கிறேன். மழைக்காலத்தில் காய்ச்சல் என்று வந்தால், தெர்மாமீட்டரை எடுக்கும் முன்பே, தேங்கிய தண்ணீரில் நடந்தீர்களா என்று கேட்கிறீர்கள், எலிக்காய்ச்சல் பயம். இருமலோடு வருகிறவரிடம் ஒரே அறையில் எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்று கேட்கிறீர்கள். டி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர் திருநெல்வேலிக்குத் திருவிழாவுக்குப் போனால் அங்கேயே இரண்டு மாதம் தங்கிவிடுவார், மாத்திரை நின்றுவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் அங்கே எந்த ஆஸ்பத்திரியில் வாங்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறீர்கள். மூன்று நாள் கழித்து வா என்றால் ஒரு நாள் கூலி போகும் என்பதும் தெரியும். அதனால் வேலை முடிந்து ராத்திரி ஒன்பதுக்கு வரச் சொல்கிறீர்கள். இதையெல்லாம் எந்தப் பாடப்புத்தகம் சொல்லிக் கொடுத்தது?

டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் கதையும் இப்படித்தான். சயானில் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்தவர் 1989-இல் அங்கே தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார்; ஆசியாவிலேயே அதுதான் முதல். வார்டுக்கு வந்து சேரும் முன்பே குழந்தைகள் நலிந்துபோவதைக் கண்டவர், 1999-இல் 'ஸ்நேஹா' அமைப்பைத் தொடங்கித் தாராவிச் சந்துகளுக்குள்ளேயே வேலையைக் கொண்டுபோனார்.

பயிற்சி பெற்ற இடத்திலேயே டாக்டர்கள் தங்கிவிடுவது இங்கே மட்டுமல்ல. அமெரிக்காவில் கணக்கெடுத்துப் பார்த்தால், ரெசிடென்சி முடித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதே மாநிலத்தில்தான் தொழில் செய்கிறார்கள். நம் அரசுகளோ பெரும்பாலும் பாண்டை, அதாவது ஒப்பந்தப் பத்திரத்தை, நம்புகின்றன. குறிப்பிட்ட காலம் கிராமத்தில் வேலை பார், இல்லையென்றால் பணம் கட்டு. பாண்ட் ஆளைக் கொண்டுவரும், நிறுத்தாது என்பது என் அபிப்பிராயம். தமிழ்நாடு கொஞ்சம் வேறு வழி பார்த்தது: ஏற்கெனவே அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு மேற்படிப்பில் தனி ஒதுக்கீடு. அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2021-இல் சேர்ந்தவர்களிலிருந்து, மேற்படிப்பு மாணவர் எல்லாரும் மூன்று மாதம் மாவட்ட ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் மூன்று மாதத்தில் வார்டின் வாசல் தெரியும். ஜனங்களைத் தெரிந்துகொள்ள மூன்று வருஷம் வேண்டாமா?

ஆகவே உங்களுக்கு நன்றி. உங்களை எங்களுக்குப் பழக்கிக் கொடுத்த சயான் வார்டுகளுக்கும் நன்றி. கொஞ்சம் எங்களுக்கும் நன்றி சொல்லிக்கொள்கிறேனே! நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தியபோதும் கையை நீட்டியபடி இருந்தவர்கள் நாங்கள்தானே. குத்துப்பட்ட கைகளில் அம்மாவுடையதும் ஒன்று. எந்த ரெசிடென்ட் குத்தினார் என்று அவருக்கு நினைவில்லை. நீங்களாக இருந்தால் சந்தோஷம் என்கிறார்.

கடைசியாக ஒரு விஷயம். வீட்டுவசதி வாரியத்தின் பழைய மாடா கட்டடங்களை இடித்து டவர் கட்டும் வேலை உங்கள் கிளினிக் இருக்கும் கட்டடத்துக்கும் வரப்போகிறது. புதிதாக வரும் கடைகளின் வாடகையைக் கேட்டால் உங்களுக்கே பிரஷர் ஏறும். கீழ்த்தளத்தில் ஓர் அறையைக் கட்டுப்படியாகும் வாடகைக்கு உங்களுக்கென்று ஒதுக்க வேண்டும் என்று சொசைட்டி கமிட்டியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை பதினோரு வீட்டார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். செயலாளர் இன்னும் போடவில்லை. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, உங்களிடம்தான் வருகிறார். அடுத்த முறை வரும்போது கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
திலக் நகர்வாசி ஒருவன்