நடையும் கணக்கும்

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லையே!" ஸ்கூட்டரின் பின்னிருக்கையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு, ஆறு வாரம் வீட்டில் இதையே கேட்டேன். சிடி ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். கன்கஷன் என்பது மூளை செயல்படும் விதத்தில் ஏற்படும் குலைவு. பெரும்பாலும் அந்தப் படத்தில் அது தெரியாது.

பிசியோதெரபிஸ்ட் தரையில் மூன்று மீட்டருக்கு டேப் ஒட்டினார். குதிகாலை மற்றக் காலின் விரல்நுனியோடு ஒட்டிவைத்து நடந்தேன். தள்ளாட்டமில்லை. "இப்போ நூறுலேருந்து ஏழு ஏழா கழிச்சு, சத்தமா சொல்லிக்கிட்டே நடங்கம்மா" என்றார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு... அடுத்த எண்ணைத் தேடியபோது கால் நின்றது. காலை எடுத்து வைத்ததும் எண் போனது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

நடப்பது கால்களின் வேலை மட்டுமல்ல. கண், உட்காது, பாதம் மூன்றும் அனுப்பும் செய்திகளை மூளை ஒவ்வோர் அடிக்கும் சேர்த்துப் பார்க்கிறது. அதற்குக் கொஞ்சம் கவனமும் செலவாகிறது. கன்கஷனுக்குப் பின் கையிருப்பு குறைவு. இன்னொரு வேலை சேர்ந்தால் நடை மெதுவாகும், உடல் பக்கவாட்டில் அதிகம் ஆடும். வெறும் நடையில் மறைந்திருப்பது இரட்டை வேலையில் வெளிவரும். அதனால்தான் விளையாட்டு வீரர்களைப் பரிசோதிக்க 2023இல் வெளியான 'ஸ்காட் 6' படிவத்தில் இந்த நடைக்கணக்கும் இருக்கிறது.

மைதானத்துக்குத் திரும்ப ஒரு சோதனை இருக்கிறது. அடுப்படிக்குத் திரும்ப? குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே கொதிக்கும் ரசத்தை இறக்கி, சின்னவனின் ஏழாம் வாய்ப்பாட்டைத் திருத்தி, அத்தையின் மாத்திரை நேரத்தை நினைவில் வைத்து நடப்பதுதான் என் சாதாரணக் காலைநேரம். இதைத்தான் 'அஷ்டாவதானி' என்று மெச்சுகிறார்கள். அவதானம் செய்பவர் ஓரிடத்தில் உட்கார்ந்து செய்வார். முடிந்ததும் பொன்னாடை போர்த்துவார்கள்.

"நான் நடக்கும்போது கூப்பிடாதீங்க. விசிலை நீங்க எண்ணுங்க" என்றேன். "ரெண்டு வார்த்தை பேசக்கூடவா முடியாது?" என்றார் கணவர். டேப் ஒட்டிய தரைக்கு அவரையும் அழைத்துப்போனேன். என் கால் நிற்பதைப் பார்த்தபின் விசில் அவர் பொறுப்பானது.

வீட்டுக்குள்ளேயே அடிவாங்கித் தலை மோதிய பெண் யாரை அழைத்துப்போவாள்? "வழுக்கி விழுந்துட்டேன்" என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டு, மறுநாள் காலை தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறாள். என் டிஸ்சார்ஜ் சீட்டில் தொழில் 'ஹவுஸ்வைஃப்' என்றிருந்தது. எத்தனை நாள் விடுப்பு என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தார்கள்.