உபரி

காரைக்குடியில் 150 குதிரைசக்தியை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேலிதான். ஆனால் கேலியைக் கழித்துவிட்டாலும் கேள்வி மிஞ்சுகிறது. கல்லுக்கட்டியில் சைக்கிளைக்கூட இறங்கித் தள்ள வேண்டும். ஊருக்கு வெளியே சாலை மோசமில்லை. ஆனால் கிராமத்துக்கு இரண்டு வேகத்தடை, நடுவில் ஆடுகள், அறுப்புக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காய்கிறது. 2018-ல் வந்த அறிவிப்புப்படி கார்களுக்கு நாலுவழிச் சாலையில் 100 கிலோமீட்டர், மற்றச் சாலைகளில் 70. என் கார் 200-ஐத் தாண்டும் என்று அதைச் செய்தவர்கள் சொல்கிறார்கள். நான் தாண்டியதில்லை, தாண்டும் உத்தேசமும் இல்லை. ஆக, அதன் சக்தியில் பெரும்பகுதி எனக்கு ஒரு வதந்தியாகவே இருந்துவருகிறது.

கார் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 2004-ல் இந்தியாவுக்கு வந்த மாடல். 1781 சி.சி., நாலு சிலிண்டர், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, ஒரு டர்போ. ஐரோப்பாவில் இதே பெயரில் விற்ற காருக்கு 180 குதிரைசக்தி. நமக்கு 150 போதும் என்று எங்கோ ஒரு மேஜையில் முடிவாகியிருக்கிறது. 2014-ல் மூன்றாம் கையாக என்னிடம் வந்தது. பார்வைக்கு ஒரு பாங்க் மானேஜரின் கார். எதிர்வீட்டுக்காரர் இன்றுவரை அதைக் கல்யாணத்துக்குப் போகிற வண்டி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஒன்று நம்மிடம் செய்யப்பட்டிருக்கிறது. சென்னைக்குத் தெற்கே, வண்டலூர்ப் பக்கம், ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1985-லிருந்து 1988 வரை ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு கார் செய்தது. உடம்பு ரோவரினுடையது, 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பட்டம் வாங்கிய உடம்பு. இங்கிலாந்தில் அதற்குள் மூன்றரை லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின்கூட வைத்து, போலீஸ்காரர்கள் நெடுஞ்சாலையில் ஓட்டினார்கள். இங்கே வைத்தது, நாற்பதுகளில் வான்கார்டு காருக்கென்று உருவான பழைய இரண்டு லிட்டர் எஞ்சினின் வாரிசை. பார்த்தால் புலி, மிதித்தால் பெருமூச்சு. அந்த வருஷங்களில் வந்த சில கவிதைத் தொகுதிகளைப் புரட்டும்போது எனக்கு இந்தக் கார்தான் ஞாபகம் வரும். உருவம் கப்பலில் வந்திறங்கியது. உள்ளே அதே பட்டிமன்ற எஞ்சின். கம்பன் கழகம் நடக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லக்கூடாதுதான்.

டர்போ என்பது எளிய யோசனை. எஞ்சின் வெளியே தள்ளும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திருப்பி அனுப்புகிறது. வீணாய்ப் போக இருந்தது திரும்பி வந்து வேலை செய்கிறது. முழு வேகத்தில் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல். ஆனால் மிதித்தவுடன் அது எழுந்துவிடுவதில்லை. ஒன்றும் நடக்காத ஒரு கணம் இருக்கிறது. பிறகு, யாரோ பின்னாலிருந்து உள்ளங்கையை வைத்துத் தள்ளுவதுபோல.

திருமயம் சாலையில் எம்-சாண்ட் லாரி ஒன்று 40-ல் போய்க்கொண்டிருக்கும். எதிரே தூரத்தில் பஸ். மூன்றாவது கியர், அந்த ஒன்றும் நடக்காத கணம், பிறகு லாரி பின்கண்ணாடியில் இருக்கிறது. முள் 70-ஐத் தொட்டிருக்கும், அதற்கு மேல் இல்லை. இந்த ஊரில் இந்தக் காரின் உபயோகம் என்று கறாராகச் சொல்லக் கூடியது இது ஒன்றுதான்: எதிராளியின் பக்கத்தில் நான் இருக்க வேண்டிய நேரத்தைக் குறைப்பது. மாதத்துக்கு மொத்தம் ஒரு நிமிஷம் தேறலாம். மீதியெல்லாம் பராமரிப்பு.

அந்தத் தயங்கும் கணத்தைப் பற்றிச் சொன்னபோது மின்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நண்பர் சிரித்தார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த ஆய்வகம் அது. இன்று அங்கே லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது. மின்சாரக் காருக்குத் தயக்கமே கிடையாது, மிதித்த கணமே முழு விசையும் வரும் என்றார். வாஸ்தவம். ஒருநாள் அவருடைய காரை ஓட்டியும் பார்த்தேன். கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடும் மாணவனிடம் ஏற்படுகிற சலிப்பு ஏற்பட்டது. எதிர்காலம் அவர் பக்கம்தான். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பழைய டர்போ காரில், ஓட்டி முடித்ததும் உடனே அணைக்கக்கூடாது. தண்டின் தாங்கிகளில் ஓடும் எண்ணெய் நின்றுவிட்டால் சூட்டில் கரியாகிவிடும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஒரு நிமிஷமாவது சும்மா ஓடவிட வேண்டும். வந்து சேர்ந்த பிறகும் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். இது பக்தியா நோயா என்று மனைவிக்கு நெடுநாள் புரியவில்லை. எனக்கோ அந்த ஒரு நிமிஷம், காரைவிட எனக்குத்தான் தேவைப்படுகிறது என்று தோன்ற ஆரம்பித்திருக்கிறது.

ஓட்டுவதால் வரும் கேடு கொஞ்சம். நிறுத்திவைப்பதால் வரும் கேடுதான் அதிகம். ரப்பர் இறுகுகிறது. பேட்டரி இறங்குகிறது. பிரேக் தட்டில் துரு படிகிறது. 2025 வாக்கில் பங்குகளில் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்று ஆகிவிட்டது. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம். டர்போ எஞ்சின் அதை ரசிக்கவே செய்யும். ஆனால் அதில் இருக்கும் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். பழைய ரப்பர்க் குழாய்களுக்கு ஆகாது. காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். ஓடிக்கொண்டிருந்தால் டாங்கி காலியாகி நிரம்பி, விஷயம் தெரியாமல் போய்விடும். நின்றால்தான் தண்ணீர் அடியில் தங்கும். இது தவிர சர்க்கார் தன் பங்குக்கு: 15 வருஷம் முடிந்தால் ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலுக்கு முன் அதற்கு 600 ரூபாய். பிறகு 5,000. 2025 ஆகஸ்டிலிருந்து 20 வருஷம் கடந்த காருக்கு 10,000. வயோதிகத்துக்கு இவ்வளவு துல்லியமான விலைப்பட்டியல் வேறெங்கும் பார்த்ததில்லை.

தேவகோட்டை ரஸ்தாவுக்கு அருகே இருக்கும் மெக்கானிக்கிடம் முதன்முதல் போனபோது அவர் பானெட்டைத் திறப்பதற்கு முன் கேட்ட கேள்வி, "வாரத்துக்கு எத்தனை தடவை எடுக்கிறீங்க?" நான் ஒரு தடவை என்றேன். "மாடு கட்டுத்தறியிலயே நின்னா கொழுத்துரும் சார், ஆனா கால் போயிரும்" என்றார். உவமை என்று நினைத்தேன். இல்லை, அவர் வீட்டில் மாடு இருந்தது. சிறாவயல் மஞ்சுவிரட்டில் அவிழ்த்துவிடும் கட்டுமாடு. உழவுக்கும் போகாது, வண்டியும் இழுக்காது. பருத்திக்கொட்டை, நடை, நீச்சல். இவ்வளவும் தை மாதத்தில் ஒரு பொட்டலில் சில நிமிஷங்களுக்காக. அந்த நிமிஷங்களிலும் ஜனங்களைப் பிளந்துகொண்டு ஓடி எல்லையைத் தாண்டிவிட்டால் முடிந்தது.

2014 மே 7-ல் உச்சநீதிமன்றம் தடை விதித்தது. அப்போது பலர் மாட்டை விற்றார்கள். விற்ற மாடு எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். மெக்கானிக்கின் அப்பா விற்கவில்லை. அவிழ்க்க இடமில்லாத மாட்டுக்குத் தினமும் தீனி, தினமும் நடை. விடியற்காலையில் கண்மாய்க் கரையோரம் மாடும் கிழவருமாகப் போய்வந்தார்களாம். கேஸ் ஜெயிக்கும் என்று அவர் நம்பினாரா என்று கேட்டேன். "கேஸெல்லாம் அவருக்குத் தெரியாது சார். மாட்டுக்கு நடக்கணும், அவ்வளவுதான்." 2017 ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்டது; அது செல்லும் என்று 2023 மே 18-ல் நீதிமன்றமும் சொன்னது. இதற்குள் அந்த மாடும் இல்லை, கிழவரும் இல்லை. இப்போது வேறு மாடு. மெக்கானிக் நடத்திக்கொண்டு போகிறார்.

என் கார் நிற்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோட்டையூரில் ஒரு செட்டியார் வீட்டின் வண்டிக் கொட்டகையில் வாடகைக்கு நிறுத்தியிருக்கிறேன். குதிரை வண்டிக்காகக் கட்டி, பிறகு அமெரிக்கக் கார் நின்ற இடம். தரையில் எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது. வீடு முகப்பில் ஒரு தெருவும் பின்கட்டில் இன்னொரு தெருவுமாக நீள்கிறது. பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், எல்லாம் வழக்கம்போல. 1937 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் கால் பங்கு செட்டியார்கள் கைக்குப் போயிருந்தது. வீடு இங்கே, எஞ்சின் அங்கே. 1942-ல் ஜப்பான்காரன் வந்ததும் எஞ்சின் நின்றது. வீடு மட்டும் அந்த வேகத்திலேயே இன்னும் சில தலைமுறை உருண்டது.

பதினான்கு பங்காளிகளில் அங்கே இருப்பது ஒரு ஆச்சி மட்டும். எண்பதைத் தாண்டியவர். வளவைச் சுற்றியுள்ள அறைகளை நாளுக்கு இரண்டாக முறைவைத்துத் திறந்து, ஜன்னலைத் தள்ளி, சாயந்திரம் மூடுவார். யாரும் வந்து தங்காத அறைகள். "காத்தாடலைன்னா சுவரு பூத்துரும் தம்பி." நான் ஞாயிற்றுக்கிழமை காரை வெளியே எடுக்கும்போது அவர் முகப்பில் நிற்பார். ஒருவர் செய்வதை மற்றவர் பைத்தியக்காரத்தனம் என்று நினைக்காதது எங்களுக்குள் ஒரு உறவாக இருந்தது. செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-லேயே யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன. கறையான் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

சென்ற ஆவணியில் பங்காளிகள் கூடி வீட்டைக் கொடுத்துவிடுவதென்று முடிவு செய்தார்கள். முழு வீட்டை யார் வாங்குவார்கள்? கதவு ஒருவருக்கு, தூண் ஒருவருக்கு, தரைக்கல் ஒருவருக்கு. இதற்கென்றே காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு இருக்கிறது. தை பிறந்ததும் ஆட்கள் வருகிறார்கள். ஆச்சி மகன் வீட்டுக்குச் சென்னை போகிறார். கொட்டகையும் கிடையாது.

அதே மாதத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். இந்தக் கார் இங்கே இருப்பது எப்படியோ அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நல்ல விலை சொன்னான், நான் வாங்கியதைவிட அதிகம். "எஞ்சினும் கியர்பாக்ஸும் மட்டும் போதும்ணே. பாடியை நீங்களே வச்சுக்குங்க." வேறு ஒரு இலகுவான காருக்குள் அதை இறக்கி, பந்தயத் தடத்தில் ஓட்டப்போகிறானாம். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. அந்த எஞ்சின் முதல்முறையாகத் தன் முழுக் குரலில் பேசும். என்னிடம் இருந்தவரை அது வாய்க்குள் முணுமுணுத்ததுதான். புதுப்பேட்டையில் செத்த கார்களிலிருந்து கழற்றிய உறுப்புகளால்தான் என் காரும் இத்தனை நாள் ஓடியது என்பதையும் நினைக்காமலில்லை. கழற்றுவதைப் பாவம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

இரண்டு வாரம் கழித்துப் பதில் சொன்னேன். காரைக்குடிக்கு வந்து, முழுக் காராக ஓட்டிக்கொண்டு போவதானால் தருகிறேன்; கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்த பிறகு அவன் இஷ்டம். அவனுக்கு இது வினோதமாகப் பட்டிருக்க வேண்டும். யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். இதுவரை சொல்லவில்லை.

இதற்கிடையில் டைமிங் பெல்ட் மாற்றும் கெடு வந்துவிட்டது. இந்த எஞ்சினில் அது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பிறகு கோயம்புத்தூர்க்காரனுக்கும் பிரயோஜனப்படாது. விற்கப்போகிற காருக்கு எதற்குச் செலவு என்று வீட்டில் கேட்டார்கள். மெக்கானிக் கேட்கவில்லை. பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் சென்னையிலிருந்து வந்துவிட்டன. வியாழக்கிழமை காலையில் அவருக்கு மாட்டை நடத்திவிட்டு வர எட்டு மணி ஆகும். எட்டரைக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.