வீடு பார்க்கும் உத்தியோகம்

அழைப்பில்லாமல் பிறர் வீட்டுக்குள் நுழையும் வழக்கம் உடையவர்கள் மூவர்: கடன் கொடுத்தவன், போலீஸ்காரன், தோட்டத்துக் கிராணி. முதலிருவரைப் பற்றி எழுதியோர் பலர் உண்டு. மூன்றாமவனைப் பற்றி எழுத அந்த மூன்றாமவனாகிய நாமே முன்வந்திருக்கின்றோம்.

நாம் ஜொகூரில், கூலாய்க்கு அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஒன்பது வருஷமாகக் கிராணி வேலை பார்த்து வருகின்றோம். நம் பாட்டனார் இவ்வட்டாரத்திலேயே பால்மரம் வெட்டியவர். தந்தையார் லாரி ஓட்டியவர். அவர் கடன்பட்டு நம்மைத் தனியார் ஆங்கிலப் பாடசாலையில் படிக்க வைத்தார். அந்தப் படிப்பின் பயனாக நமக்கு மேசை கிடைத்தது. மேசை கிடைத்ததன் பயனாக, 2022ம் வருஷத்தில், இந்த வீடு பார்க்கும் வேலையும் வந்து சேர்ந்தது. வெளியிலிருந்து வரும் தணிக்கைக்காரர்கள் ஆங்கிலத்தில் கேள்வி கேட்கிறார்கள், ஆங்கிலத்தில் பதில் எழுதத் தெரிந்தவன் நீதான் என்று பெரிய கிராணி சொன்னார். எழுதத் தெரிந்தவனுக்குப் பார்க்கவும் தெரியும் என்று அவரும் நினைத்தார், நாமும் நினைத்தோம்.

இவ்வேலையின் வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பைப் பற்றி இந்நாட்டில் 1966ல் ஒரு சட்டம் வந்தது. அதை நீக்கி 1990ல் 446ம் எண் சட்டம் வந்தது. லயங்களை வாரத்திற்கு ஒரு முறையாவது சென்று பார்வையிட வேண்டும் என்னும் கடமை இதில் உண்டு. முன்னாளில் அதைச் செய்தவர் தோட்டத்து டிரசர். ஆஸ்பத்திரியும் டிரசரும் இல்லாத தோட்டங்களில் அது கிராணியின் தலையில் விழுகின்றது. 2019ல் சட்டம் திருத்தப்பட்டு 2020 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்தது. அதே வருஷக் கடைசியில் கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் நெருக்கமான விடுதிகளில் கொரோனாத் தொற்று காட்டுத் தீப்போலப் பரவியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வருஷமே அமெரிக்கச் சுங்க இலாகா, கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில், மலேசியாவின் இரு பெரிய செம்பனைக் கம்பெனிகளின் எண்ணெய்யைத் தன் துறைமுகங்களில் தடுத்து நிறுத்திற்று. வெள்ளைக்காரன் எண்ணெய்யை வாங்க மறுத்த பிறகே பல துரைமார்களுக்கு லயத்தின் கூரையில் ஓட்டை இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது என்றால் அது மிகையாகாது.

எப்படியோ, தாள்கள் பெருகின. விடுதியில் ஒருவனுக்கு 3 சதுர மீட்டர் இடம். விடுதியல்லாத வீட்டில் 3.6 சதுர மீட்டர். விடுதியில் பதினைந்து பேருக்கு ஒரு கக்கூஸ், ஒரு குளிக்கும் அறை. வீட்டில் ஆறு பேருக்கு. நாம் அளவு நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு போனோம். முதற் சில மாதங்கள் அது நமக்குப் பெருமையாகவே இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றோம். முப்பத்தெட்டுக் கதவுகள். சனிக்கிழமை மத்தியானம் புறப்பட்டால் மாலைக்குள் முடிந்துவிடும். கதவைத் தட்டுவோம், உள்ளே போவோம், அழுக்கு இருக்கிறதா என்று பார்ப்போம், இருபத்துநான்கு கட்டங்களிலும் குறி இடுவோம்.

பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே போனோம் என்பதையும் சொல்ல வேண்டும். பதினேழாம் கதவில் ஒரு பாட்டி இருக்கிறார். புல் வெட்டியும் உரம் போட்டும் தேய்ந்த உடம்பு. மகன் டிராக்டர் ஓட்டுகிறான். இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ அந்த அம்மாள், "உங்க தாத்தா வெளியே திண்ணையில உக்காந்துதான் தம்பி பேசுவாரு, உள்ள கூப்பிட்டா செருப்பைக் கழட்டிட்டு வருவாரு," என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. நாம் குனிந்து நாடாவைக் கழற்றுவதற்குள் முகம் சிவந்துவிட்டது. பல தோட்டங்களில் ஒரு காலத்தில் ஜாதிக்கொரு லயம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். அதைக் கண்டித்து மேடையில் பேசுவது எளிது. கிராணி வீடு மேட்டிலும் கூலி லயம் பள்ளத்திலும் இருப்பதையும், மேட்டிலிருந்து இறங்கியவன் பள்ளத்து வீட்டில் பூட்ஸோடு நடப்பதையும் நாம் அதுவரை அந்த வரிசையில் சேர்த்து நினைத்ததில்லை.

நிற்க. 2023ல் அடுத்த தோட்டம் நம் தோட்டத்தோடு சேர்க்கப்பட்டது. முப்பத்தெட்டுக் கதவுகள் நூற்றுப்பன்னிரண்டு ஆயின. வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் கூட்டங்கூட்டமாக வந்தனர். அவர்களுடைய வேலைப் பெர்மிட்டுகளும் நம் மேசைக்கே வந்தன. சம்பளப் பட்டியல் முன்னமேயே நம்முடையது. கூலாயைச் சுற்றிலும் செடெனாக் வரையிலும் தோட்ட நிலங்களில் தரவு மையங்கள் எழும்பிக்கொண்டிருக்க, நம் ஆபிஸில் ஒரு கிராணி விலகிப் போனதற்குப் பதிலாக வேறொருவரை வைக்கவில்லை. ஒரு கதவுக்கு ஆறு நிமிஷம் என்று வைத்தாலும் நூற்றுப்பன்னிரண்டு கதவுக்கு 672 நிமிஷம். அதாவது பதினோரு மணி பன்னிரண்டு நிமிஷம். சனிக்கிழமை மத்தியானத்தில் பதினோரு மணி நேரம் எங்கிருந்து வரும்?

வரவில்லை. ஆகையால் நாம் செய்தது யாதெனில், தாளை மட்டும் நிரப்பினோம். முதலில் தூரத்து லயங்கள் இரண்டை விட்டோம். "போன வாரம் சரியாகத்தானே இருந்தது," என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். பிறகு நான்கை விட்டோம். பிறகு மழை பெய்த ஒரு சனிக்கிழமை மேசையில் உட்கார்ந்தபடியே எல்லாக் கதவுகளுக்கும் குறி இட்டோம். ஆரம்பத்தில் கை கொஞ்சம் கூசிற்று. மூன்றாம் வாரம் கூசவில்லை. தாள்கள் அழகாக இருந்தன. நேரில் சென்று பார்த்த நாட்களில் எழுதிய தாள்களைக் காட்டிலும் அழகாகவே இருந்தன, ஏனெனில் மழைத் துளியோ சேறோ அவற்றில் படவில்லை. தணிக்கைக்கு வந்தவர் புரட்டிப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்.

நான்காம் வாரம் ஒன்பதாம் லயத்தில் வங்காளதேசத்து இளைஞன் ஒருவன் பெரட்டுக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். ஐந்தாம் நாள் பல்லிலிருந்து இரத்தம் வந்தபோது கூலாய்க்கு வண்டியில் கொண்டு போனோம். டெங்கிக் காய்ச்சல். இரண்டு நாள் அவன் பிழைப்பானா என்பது சந்தேகமாகவே இருந்தது. நாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது, அவன் தம்பி முறையான ஒருவன் நம் கையைப் பிடித்துக்கொண்டு, "போஸ், இவனுக்கு ஊரில் சின்னக் குழந்தை இருக்கு," என்று உடைந்த மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னான்.

சுகாதார இலாகாவினர் வந்தார்கள். கொசு போன்ற நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க 1975ல் இயற்றப்பட்ட சட்டப்படி எந்த வீட்டிலும் நுழைந்து பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஒன்பதாம் லயத்தின் பின்புறம், பூச்சிமருந்து வந்த பழைய பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றைப் பாதியாக அறுத்து யாரோ வைத்திருந்தார்கள். அதில் மழைத் தண்ணீர்; பார்த்தால் குடிக்கலாம் போலத் தெளிவு. அந்த அதிகாரி கைவிளக்கை அடித்தார். புழுக்கள் நூல் துண்டுகளைப்போல நெளிந்தன. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க ஏழு நாள் முதல் பத்து நாள் போதும் என்று அவர் விளக்கினார். வாரத்திற்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்பதில் எவ்வளவு கணக்கு அடங்கியிருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தோம். ஏழாம் நாள் தண்ணீரைக் கவிழ்த்தால் கொசு இல்லை; இரண்டு வாரம் விட்டால் உண்டு.

பிறகு அவர் கோப்பைக் கேட்டார். ஒன்பதாம் லயம், தேங்கிய நீர் இல்லை, சரி. தேதி மூன்று நாட்களுக்கு முந்தியது. "இந்தக் கையெழுத்து யாருடையது?" என்றார். நம்முடையது என்றோம். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. நம்மைப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார். அன்று மாலை அனுபவசாலியான ஒருவர், தேதியை ஒரு வாரம் முன்னே தள்ளி வேறு தாள் எழுதி வைத்துவிடலாம், சுகாதார இலாகா நகல் எடுக்கவில்லையே என்று நமக்கு உபதேசித்தார். அன்றிரவு அந்த உபதேசத்தை நாம் அறவே வெறுத்து ஒதுக்கினோம் என்று எழுத ஆசைதான். உண்மையில் பேனாவை எடுத்து, வெற்றுத்தாள் ஒன்றை முன்னால் வைத்து, பத்து மணி வரையில் உட்கார்ந்திருந்தோம். பிறகு எழுந்து போய் மானேஜரின் கதவைத் தட்டி, நான்கு வாரத் தாள்களும் பொய் என்று சொன்னோம்.

மானேஜர் கெட்டவர் அல்லர். திட்டினார்; பிறகு, "பதினோரு மணி நேர வேலை என்று எனக்கு ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. முடியாது என்று சொல்லும் வார்த்தையை நம் ஆங்கிலப் பாடசாலை நமக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. கொடுத்த கணக்கைக் கொடுத்த நேரத்தில் முடிப்பவனே கெட்டிக்காரன் என்று அங்கே பரிசு கொடுத்தார்கள். முடியாத கணக்கைக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுப்பவனுக்குப் பரிசு இருந்ததில்லை.

இதற்கிடையில் பழைய செய்தி ஒன்று நமக்கு உதவிற்று. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை 1897ல் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தார். 1901ல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்னும் டாக்டர் சதுப்பு நிலத்தை வடித்துக் காய்ச்சலைக் குறைத்தார். ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை வெட்டி வெளியாக்கியபோது காய்ச்சல் ஏறிற்று. காரணம், அங்குள்ள கொசு சேற்றில் முட்டையிடுவதில்லை. வெயில் படும் தெளிந்த ஓடை நீரிலேயே இடுகின்றது. அழுக்கைத் துடைத்தால் நோய் போய்விடும் என்று எண்ணிய வைத்தியர்களை அந்தத் தெளிந்த நீர் ஏமாற்றியது. நம்மையும் அதுவே ஏமாற்றியது. நேரில் சென்ற நாட்களிலும் நாம் தேடியது அழுக்கை. சட்டி கழுவாத அடுப்பங்கரையைக் கண்டால் குறித்துக்கொண்டோம், கொல்லைப்புறத்துத் தெளிந்த நீரைக் கண்டதில்லை. குடியிருப்பவர்களின் குற்றத்தைத் தேடுகிற கண்ணுக்கு, தோட்டமே போட்டுவிட்டுப் போன பீப்பாய் தெரிவதில்லை.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்தோம். நூற்றுப்பன்னிரண்டு கதவுகளுக்கும் வாரந்தோறும் போவது. ஆனால் இரண்டு நிமிஷம், தண்ணீர் மட்டும். தொட்டி, வாளி, பூந்தட்டு, பழைய டயர், கூரை வாய்க்கால். அது 224 நிமிஷம். கூரை, மின்கம்பி, கட்டில், இடத்தின் அளவு முதலானவை ஏழு நாளில் மாறுவன அல்ல. வாரத்திற்கு இருபத்தெட்டுக் கதவுகளில் மட்டும் மேற்கொண்டு நான்கு நிமிஷம் செலவிட்டு அவற்றைப் பார்த்தால் நாலு வாரத்தில் எல்லாம் முடிகின்றன. அது 112 நிமிஷம். ஆக 336 நிமிஷம், முன்னைய கணக்கில் சரிபாதி. இதைத் தாளில் எழுதிக் கொடுத்து, பெர்மிட் வேலையை வேறொருவருக்கு மாற்றவும் கேட்டோம். மாற்றவில்லை, திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ஒரு மணி நேரம் மேசையிலிருந்து விடுதலை கிடைத்தது. சனிக்கிழமை அரைமணி நம்முடையதைக் கொடுக்கின்றோம். பார்க்காத கதவுக்கு நேராகக் கட்டம் வெறுமையாக இருக்கும். சென்ற தணிக்கையில் அந்த வெற்றுக் கட்டங்களைக் குறையென்று எழுதினார்கள்.

கதவைத் தட்டி, யாராவது வரும் வரையில் வெளியே நிற்கின்றோம். இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் உண்டு. அக்கதவுகளை மாலையில் வைத்துக்கொண்டோம். ஒன்பதாம் லயத்து இளைஞன் பிழைத்து வந்தான். ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போயிற்று; அவன் நம்மைக் குற்றம் சொன்னதில்லை, நம் கையெழுத்தைப் பற்றி அவனுக்குத் தெரியவும் தெரியாது. சொல்ல வேண்டுமா என்று பலமுறை எண்ணினோம். சென்ற மாதம், நமக்குத் தெரிந்த மலாயில், அவன் திண்ணையில் உட்கார்ந்து சொன்னோம். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்போ பார்க்கிறீங்களா, போஸ்?" என்று மட்டும் கேட்டான். பார்க்கிறோம் என்றோம். உள்ளே போய்த் தேநீர் கொண்டு வந்தான்.

பதினேழாம் கதவின் கூரை ஒழுகுவதை நான்கு முறை எழுதியிருந்தோம். "எழுதிட்டுப் போறீங்க தம்பி, மழை எழுத்தைப் படிச்சிட்டா நிக்குது?" என்று பாட்டி கேட்டார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. ஐந்தாம் முறை தாளோடு நாமும் மானேஜர் முன்னால் நின்றோம். மறுவாரம் தச்சர் ஆறு தகரங்களோடு வந்தார். ஒழுகும் கூரைகள் இன்னும் பதினொன்று பாக்கி. அவற்றின் எண்களைத் தனிச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கின்றோம். திங்கட்கிழமை விடுதியிலிருந்து தொடங்க வேண்டும்.