சும்மா கிடக்கிற இடம்

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பூங்கா இருக்கிறதா? இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். அங்கே உணவுத் திருவிழா, பொருட்காட்சி என்று ஏதாவது நடந்தால், முடிந்த நாலாவது நாள் போய்ப் பாருங்கள். திருவிழா நடக்கிற மூன்று நாளும் ஊரே போகும். நாலாவது நாள் ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை.

நானும் பார்த்ததில்லை. என் அப்பா பார்த்தார்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பேட்டைப் பூங்காவில் மூன்று நாள் உணவுத் திருவிழா நடத்தினோம். ஆமாம், நடத்தினோம்தான். குடியிருப்போர் சங்கத்தில் அப்போது நானும் ஒரு கமிட்டி மெம்பர். கூப்பன் கவுன்டர் என் பொறுப்பு. “கல்யாண மண்டபம் எடுத்தா வாடகை கட்டுப்படியாகாது. பார்க் சும்மாதானே கிடக்கு!” என்று கூட்டத்தில் முதலில் சொன்னவனும் நான்தான். எல்லாரும் கைதட்டினார்கள்.

திருவிழா அமர்க்களம். பணியாரம், பாவ் பாஜி, பரதநாட்டியம், மெல்லிசை. என் மகள் மேடையேறி ஆடினாள். மூன்று வருடமாகப் பேசாமல் இருந்த இரண்டு குடும்பங்கள் ஒரே பெஞ்ச்சில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டதை என் கண்ணால் பார்த்தேன். அதனால், பூங்காவில் விழாவே கூடாது என்று நான் சொல்லப் போவதில்லை.

நாலாவது நாள் காலை அப்பா வழக்கம்போல வாக்கிங் கிளம்பினார். பக்கவாதம் வந்து தேறியவர். ‘சமதரையில் தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும்’ என்பது டாக்டர் உத்தரவு. பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டார்.

“என்னப்பா, அதுக்குள்ள?”

“நடக்கத் தரை இல்லடா.”

போய்ப் பார்த்தேன். மேடைச் சாமான் ஏற்றி வந்த லாரி, நடைபாதைக் கற்களை வரிசையாக உடைத்துவிட்டுப் போயிருந்தது. பலகை போட்டிருந்த இடத்தில் புல் வெளுத்துக் கிடந்தது. புங்க மரத்தடியில் பஜ்ஜிக் கடைக்காரர் மிச்ச எண்ணெயைக் கொட்டியிருந்தார். எங்கள் கூப்பன்கள் சேற்றில் கலர் கலராக ஒட்டியிருந்தன.

தோட்ட வேலை பார்க்கிற பெரியவர் கொட்டாங்கச்சியால் அந்த எண்ணெய் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். “மரத்துக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றேன், பெரிய மனுஷத்தனமாக.

“மரம் உடனே சாவாது சார். யோசிச்சு யோசிச்சுத்தான் சாவும்.”

அவர் சொன்னது அப்படியே தாவரவியல். ஒரு மரத்துக்குத் தண்ணீரும் சத்தும் உறிஞ்சித் தருகிற மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில், ஒன்றரை அடிக்குள்தான் பரவிக் கிடக்கின்றன. லாரியும் ஜெனரேட்டரும் ஆயிரக்கணக்கான கால்களும் அந்த மண்ணை மிதித்து இறுக்கும்போது, உள்ளே இருக்கிற காற்றுப் புழைகள் அடைபடுகின்றன. வேருக்கு மூச்சு முட்டுகிறது. மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் மேலேயே தேங்குகிறது. மரம் அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ உச்சியிலிருந்து காய ஆரம்பிக்கும். அதற்குள் திருவிழாவை எல்லாரும் மறந்திருப்பார்கள்.

இனிமேல்தான் வெட்கக்கேடு. திருவிழாவில் செலவு போக இருபத்திரண்டாயிரம் ரூபாய் மிச்சம். அதில் பாதையைச் சரிசெய்யலாம் என்று ஒருவர் சொன்னார். “பார்க் கவர்மென்ட்டுது. நாம ஏன் செலவு பண்ணணும்?” என்றார்கள். சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கேட்டால், “உடைச்சது நீங்க. நாங்க ஏன் பண்ணணும்?” என்றார்கள். இரண்டுமே நியாயமாகத்தான் பட்டது! கடைசியில் அந்தப் பணத்தில் ஒரு பாராட்டு விழா நடத்தி, ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டோம். எனக்கும் ஒன்று. அரக்குக் கலர்.

ஒப்பந்தம் முடிந்து தோட்டக்காரப் பெரியவரும் போய்விட்டார். புதிதாக யாரும் வரவில்லை. முதலில் குழாய் உடைந்தது. பிறகு விளக்கு. பிறகு கேட். இருட்டிய பிறகு பெண்கள் அந்தப் பக்கம் போவதை நிறுத்தினார்கள். காலி பாட்டில்கள் வந்து சேர்ந்தன. ஒன்றரை வருடத்தில் ஒரு பிரமுகர் யோசனை சொன்னார்: “அந்த இடம் சும்மாதானே கிடக்கு... ஒரு சமுதாயக் கூடம் கட்டிட்டா என்ன?”

என் வசனம் என்னிடமே திரும்பி வந்திருந்தது.

இந்த வசனத்துக்குச் சென்னையில் வயது அதிகம். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருப்பது பார்க் ஸ்டேஷன். அந்த வட்டாரமே பார்க் டவுன். எங்கே அந்தப் பார்க்? 1859-ல் கவர்னராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யான் யோசனையில் உருவான பீப்பிள்ஸ் பார்க், 116 ஏக்கர். குளங்கள், மரங்கள், மிருகக்காட்சி சாலை எல்லாம் இருந்தன. அந்த மிருகக்காட்சி சாலையை நம் ஜனங்கள் ‘உயிர் காலேஜ்’ என்பார்கள். மியூசியம் ‘செத்த காலேஜ்’. வருடக் கடைசியில் அங்கே ‘பார்க் வேடிக்கை’ நடக்கும். 1886 டிசம்பர் 31 அன்று அந்த வேடிக்கையில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள்.

அந்தத் தீயில் பூங்கா அழியவில்லை. துண்டு துண்டாகத்தான் போனது. ஒரு பக்கம் விக்டோரியா பப்ளிக் ஹால், ஒரு பக்கம் மூர் மார்க்கெட், 1913-ல் ரிப்பன் மாளிகை, 1993-ல் நேரு ஸ்டேடியம். உயிர் காலேஜ் 1985-ல் வண்டலூர் போய்விட்டது. ஒவ்வொன்றும் ஊருக்குத் தேவையான கட்டடம்தான். ஒவ்வொரு முறையும் அதற்கு அகப்பட்டது, ‘சும்மா கிடந்த’ பூங்கா. இன்றைக்கு மிஞ்சியிருப்பது மை லேடீஸ் பார்க் மாதிரி சில துண்டுகளும், ஸ்டேஷன் பெயரும்.

வெளிநாட்டிலும் பூங்காவைக் கெடுக்கிறார்கள். 2023 செப்டம்பரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு பெரிய இசைவிழா. மழையில் ஊறிய புல்வெளியில் கூட்டமும் கனரக வண்டிகளும் ஏறி, மூன்றில் ஒரு பங்கு புல் நாசம். ஆனால் அந்தப் பூங்காவைப் பார்த்துக்கொள்வதற்கென்றே 1980-லிருந்து ஓர் அமைப்பு இருக்கிறது. புல்வெளியைப் பூட்டி, சீர்செய்து, 2024 ஏப்ரலில்தான் திறந்தார்கள். அங்கே நாலாவது நாளுக்கு ஆள் இருந்தது.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் பாதுகாக்க 1959-லேயே போட்டாயிற்று. ஆள்தான் இல்லை. அதனால் உங்கள் பேட்டையில் விழா நடந்தால் மூன்றே மூன்று கேளுங்கள். பாதையை விட்டு வண்டி இறங்கக் கூடாது. முன்கூட்டியே ஒரு தொகை டெபாசிட் கட்ட வேண்டும். நாலாவது நாள் சேதத்தைப் பார்த்துச் சரிசெய்த பிறகுதான் அது திரும்பக் கிடைக்கும்.

சமுதாயக் கூடப் பேச்சு வந்த பிறகு எங்களுக்குச் சுருக்கென்றது. ஆறு பேர் சேர்ந்து கைக்காசு போட்டோம். ஒரு மேஸ்திரி, ஒரு சித்தாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாதை சரியாகிவிட்டது. கணக்குப் பார்த்தால் பாராட்டு விழாச் செலவில் பாதி கூட ஆகவில்லை.

அன்று மாலை அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அதற்குள் அவர் மாடிப்படி இறங்குவதை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. மொட்டை மாடியில் வாட்டர் டாங்குக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“நல்லது பண்ணினேடா. அந்தப் புங்க மரம் எப்படி இருக்கு?”

உச்சி காய்ந்திருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை.