சாட்சி சொல்வது எப்படி?

தர்மபுரியானாலும் திருநெல்வேலியானாலும் பல சபைகளில் 'சாட்சி' சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு. ஒருவர் எழுந்து, தான் விசுவாசத்துக்கு வந்த கதையைச் சொல்வார். "முன்பு குடித்தேன், இப்போது விட்டுவிட்டேன்" என்று சில கதைகள் ஒரே வரியில் முடிந்துவிடும்.

இதற்கு ஒரு பழைய உதாரணம் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827-ல் நெல்லைப் பக்கம் கரையிருப்பில் பிறந்த வைணவர். சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோதும் வைணவராகவே இருந்தார். 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். உறவும் ஊரும் என்ன சொல்லும் என்று தெரியாதவரா அவர்? ஆனாலும் தான் கிறிஸ்தவனான கதையை எழுதி வைத்தார். ஜான் பனியனின் நூலைத் தழுவி, 1894-ல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிகம்' காப்பியத்தையும் பாடினார். 'கிறிஸ்தவக் கம்பர்' என்று பெயர் கிடைத்தது. மதம் மாறினார், கம்பனை விடவில்லை!

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சாட்சி என்பது விவாதம் இல்லை. அடுத்தவர் சாமியைக் குறை சொல்ல ஆரம்பித்தால் அது சண்டையில்தான் முடியும். தன் கதையை மட்டும் சொன்னால் யாருக்கும் மனம் நோகாது. சொல்லி முடித்தபின், எதிரில் இருப்பவரின் கதையையும் பொறுமையாகக் கேட்க வேண்டும். அதுவும் ஒரு சாட்சிதான் நண்பர்களே.