அணிகள் இணைப்பு

'அணிகள் இணைப்பு' என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் கட்சி அலுவலகமும் சால்வையும்தான் நினைவுக்கு வரும். என் பிழைப்பு வேறு அணிகளோடு. எண்களை வரிசையாக வைத்திருக்கும் அரேயைப் பள்ளிக் கணினிப் பாடம் 'அணி' என்றுதான் சொல்கிறது. பைதான் மொழியில் அதற்கென்று இருக்கும் நூலகம் நம்பை. அதுவே ஓர் அணிகள் இணைப்பில் பிறந்ததுதான். நியூமெரிக், நம்அரே என்று இரண்டு நூலகங்கள் இருந்து, பயன்படுத்துவோரும் இரண்டாகப் பிரிந்து கிடந்தார்கள். டிராவிஸ் ஒலிஃபன்ட் இரண்டையும் ஒன்றாக்கினார். 2006இல் நம்பையின் முதல் முழுப் பதிப்பு வந்தது.

எனக்கு முதலில் வாய்த்தது மழைக் கணக்கு. மூன்று ஊர்களின் மழைமானி, ஊருக்கு ஒரு கோப்பு, கோப்புக்கு 365 எண்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 'ஹெச்ஸ்டாக்' பக்கவாட்டில் சேர்க்கும் என்று படித்திருந்ததால் அதைப் போட்டேன். 365 வரிசை, 3 பத்தி வரும் என்று பார்த்தால், 1095 எண்கள் ஒரே நீளமாக வந்து நின்றன. எரர் ஒன்றும் காட்டவில்லை.

சேர்ப்பதில் இரண்டு விதம் உண்டு என்பது அன்றுதான் உறைத்தது. 'கான்கேட்டினேட்' ரயில் பெட்டி கோப்பது மாதிரி: நீளம் கூடும், தண்டவாளம் பழையதுதான். 'ஸ்டாக்' டிபன் கேரியர் மாதிரி: அடுக்க அடுக்க, அதுவரை இல்லாத ஒரு திசை கிடைக்கும். கிண்ணமெல்லாம் ஒரே அளவாக இருந்தால்தான் கம்பி பூட்டும். ஒற்றை வரிசை அரேக்கு இருப்பதே ஒரு திசை. அதற்குப் பக்கவாட்டும் அதுதான். அதனால் ஹெச்ஸ்டாக் எனக்கு ரயில் விட்டது. நான் போட்டிருக்க வேண்டியது 'காலம்ஸ்டாக்', அல்லது 'ஆக்சிஸ் 1' என்று திசை சொல்லி ஸ்டாக்.

அடுத்து வந்தது 100 கோப்பு. லூப் போட்டு ஒவ்வொன்றாக 'அப்பெண்ட்' செய்தேன். நம்பை அரே இருந்த இடத்தில் வளராது. ஒவ்வொரு முறையும் புது இடம் பிடித்து, பழையது முழுவதையும் அங்கே நகல் எடுக்கும். ஒரு நாற்காலி வாங்கும்போதெல்லாம் வீடு மாறுகிற கதை. கணக்குப் போட்டுப் பார்த்தால் 36,500 எண்களுக்காக 18 லட்சத்துக்கு மேல் நகல் எடுக்க வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரு லிஸ்டில் சேர்த்துக்கொண்டு, கடைசியில் ஒரே தடவை இணைத்திருக்கலாம்.

இவ்வளவும் பட்ட பிறகு, ஒரு நாள் ஸ்டாக் எரர் அடித்தது. ஒரு கோப்பு மட்டும் 2024ஆம் ஆண்டுடையது. லீப் ஆண்டு, 366 எண்கள். எரிச்சலோடு சரிசெய்தேன். ஆனால் உண்மையில் தப்பித்தது அன்றுதான். மாட்டிக்கொண்டது எரர் வராத நாளில்.

அந்த முறை எல்லாக் கோப்பிலும் 365தான். மறு பேச்சில்லாமல் அடுக்கிக்கொண்டது. வரைபடம் போட்டால், ஓர் ஊரில் மட்டும் ஐப்பசி அடைமழை மே மாதக் கடைசியில் கொட்டுகிறது! கோப்பைத் திறந்து பார்த்தேன். மற்றவை ஜனவரி 1இல் தொடங்க, அது தென்மேற்குப் பருவமழைக் கணக்குப்படி ஜூன் 1இல் தொடங்கியிருந்தது. அரேக்குத் தேதி தெரியாது. எத்தனையாவது இடம் என்பதுதான் தெரியும். உயரம் ஒத்துப்போகிறது என்பதற்காகவே கல்யாணத்தை முடித்து வைத்துவிட்டது.

அளவுப் பொருத்தம் பார்க்கக் கணினி போதும். அர்த்தப் பொருத்தம் நாம்தான் பார்க்க வேண்டும். இப்போதெல்லாம் எதை இணைப்பதற்கு முன்பும் இரண்டு வரி அச்சிட்டுப் பார்க்கிறேன்: ஒவ்வொரு அரேயின் ஷேப், ஒவ்வொரு கோப்பின் முதல் தேதி. அரை நிமிஷம்கூட ஆவதில்லை.